கை வேலிக்கு எந்தப் பக்கம்?

கஜானி எழும்பி நின்று கைதட்டினாள். பக்கத்தில் உதயன் மாமாவும் தட்டினார். மைதானத்தில் வேறு ஒருவரும் தட்டவில்லை.

முன்வரிசையில் இருந்த எதிரணி ரசிகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஜானி மெல்ல உட்கார்ந்தாள்.

"மாமா, நாங்கள் தட்டினது பிழையோ?"

"என்ன பிழை? பந்து மட்டையில பட்டுப் பின்னால பறந்தது. பின்னால போனா நாலு. இஞ்சை இருக்கிற சனத்துக்கு ரசிக்கத் தெரியேல்லை, பிள்ளை."

மாமா சொன்னது கிரிக்கெட்டுக்குச் சரி. ஆனால் இது பேஸ்பால்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் ஒரு தொப்பி. பாரிசின் லா சப்பல் பகுதியில், ரூ பெர்தொனே என்ற தெருவில் இருக்கும் ஒரு பலசரக்குக் கடையில்தான் கஜானியின் அப்பா வேலை செய்கிறார். அந்தக் கடைக்குச் சோடாப் பெட்டிகள் இறக்க வருபவர் பிலிப். பள்ளிக்கூடம் விட்டு வந்து அரிசி மூட்டையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதும் கஜானியிடம், ஒருநாள் அவர் ஒரு நீலத் தொப்பியை நீட்டினார். அதில் ஓர் ஆந்தை முழித்துக்கொண்டிருந்தது.

"இது எங்கள் அணி. ஆந்தைகள். ஞாயிற்றுக்கிழமை வா. எங்களுக்கு ரசிகர்களே இல்லை" என்றார் பிரெஞ்சில்.

ரசிகர்களே இல்லை என்றால் பாவம் இல்லையா? அன்றைக்கே கஜானி ரசிகை ஆகிவிட்டாள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆந்தையோ! தலையில ஆந்தையை வைச்சுக்கொண்டு என்ர வீட்டுக்குள்ள வராதை!"

அதனால் தொப்பி கதவுக்கு வெளியே, சப்பாத்துகளுக்கு மேலே தூங்கியது.

உதயன் மாமா அம்மாவின் தம்பி. இலங்கையின் வன்னியில் இருந்து போன வருடம்தான் பாரிசுக்கு வந்தார். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். சவர்க்காரத் தண்ணீரில் கிடந்து கிடந்து அவருடைய கைகள் எப்போதும் சிவந்து வெடித்திருக்கும். கிழமையில் ஒரே ஒருநாள், ஞாயிறுதான் லீவு. அந்த நாளில் கஜானியை மெத்ரோ ரயிலில் ஏற்றி, நசியோன் நிலையத்தில் இறக்கி, பஸ் பிடித்து மைதானத்துக்குக் கூட்டிப்போவார். போனதும் புல்லில் சாய்ந்து பாதி ஆட்டம் தூங்குவார். மீதிப் பாதிக்கு விளக்கம் சொல்வார்.

முதல் நாள் பட்ட வெட்கத்தில், அடுத்த கிழமை முதல் இருவரும் மைதானத்தின் பின்பக்கம், கஜானியின் நெஞ்சளவே உயரமான கம்பி வேலியோடு நின்று பார்த்தார்கள். அங்கே வேறு யாரும் வரமாட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பந்து பிடிப்பதுதான் பிலிப்பின் வேலை.

பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒருவர் மட்டையை வீசவே இல்லை. சும்மா நின்றார். பிறகு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் இருந்த வெள்ளைத் திண்டு வரைக்கும் ஆறுதலாக, அவசரமே இல்லாமல் நடந்து போனார்.

"மாமா, அவர் அடிக்கவே இல்லை. ஏன் போறார்?"

"களைச்சுப் போனார் போல."

இன்னொருவர் ஓங்கி அடித்துவிட்டு மட்டையை எறிந்துவிட்டு ஓடினார்.

"கோவக்காரன்" என்றார் மாமா.

மூன்று பேர் அவுட் ஆனதும் எல்லோரும் இடம் மாறினார்கள்.

"மிச்சம் ஆறு பேர் இருக்கினமே, மாமா! அவை அடிக்கிறேல்லையோ?"

மாமா தலையைச் சொறிந்தார். "அதுகளுக்கு நேரமில்லையாக்கும். எல்லாரும் நாளைக்கு வேலைக்குப் போறவை தானே."

இடைவேளையில் பிலிப்பிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் மூச்சுவிடாமல் பிரெஞ்சில் விளக்கினார். சொற்கள் எல்லாம் விளங்கின. விளையாட்டு விளங்கவில்லை.

கடைசியில் கஜானி தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிலிப்பின் முகத்தைப் பார்ப்பாள். அவர் திரும்பிச் சிரித்தால் கைதட்டுவாள். அவர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தால் பேசாமல் இருப்பாள். அந்த வருடம் அவர் தொடையில் அடித்ததுதான் அதிகம்.

வெயில் காலம் முடிந்து கடைசி ஆட்டம் வந்தது. தொடங்க முன்னர் பிலிப் வேலிக்குப் பக்கத்தில் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"இன்றைக்குத் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம், கஜானி. இறங்கினால் பாதிப் பேர் வேறு அணிக்குப் போய்விடுவார்கள். பிறகு ஆந்தைகள் இல்லை."

கஜானி தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டாள். அன்றைக்கு மாமாவும் தூங்கவில்லை.

ஆட்டம் முடிகிற நேரம் ஆந்தைகள் ஒரே ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றார்கள். எதிரணிக்குத்தான் கடைசி முறை. அவர்களில் ஒருவர் திண்டில் நின்றார். இரண்டு பேர் அவுட்.

"இன்னும் ஒரு ஆள் அவுட் ஆனால் வெற்றி!" என்று பிலிப் திரும்பி விரலைக் காட்டினார். இதுமட்டும் கஜானிக்கு நன்றாக விளங்கியது.

எதிரணியின் தடித்த ஆள் ஒருவர் வந்தார். மட்டையை வீசினார். டொக்!

பந்து வானத்துக்கு ஏறியது. பிலிப் கையுறையை உயர்த்திக்கொண்டு வேலியை நோக்கி ஓடி வந்தார். பந்து இறங்கியது. நேராகக் கஜானியை நோக்கி இறங்கியது.

வீட்டுக்குக் கீழே முற்றத்தில் டெனிஸ் பந்தை வைத்து மாமா எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறார்: "பந்து வந்தா முதல் பிடி. பிறகு யோசி."

கைகள் தாமாகவே நீண்டன. சளீர்! நெருப்புப் பட்டதுபோல் உள்ளங்கை எரிந்தது. பந்து கையில் பட்டுத் துள்ளி, வேலிக்கு வெளியே விழுந்தது. பிலிப் கம்பியில் மோதிப் புல்லில் விழுந்தார்.

"வெளியே! வெளியே போய்விட்டது!" எதிரணி துள்ளிக் குதித்தது. பந்து தானாகவே வேலியைத் தாண்டியிருந்தால் அவர்களுக்கு இரண்டு ஓட்டம். ஆட்டமும் அவர்களுக்கே.

நடுவர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். உயரமான பெண். பின்னாலேயே இரண்டு அணியும் வந்தன.

"நான் கேட்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது" என்றார் நடுவர். எழும்பி வந்த பிலிப்பும் வாயை மூடிக்கொண்டார். நடுவர் கஜானியின் முன்னால் குனிந்தார். "மகளே, பந்து பட்டபோது உன் கை எங்கே இருந்தது? வேலிக்கு உள்ளேயா, வெளியேயா?"

மாமா அவள் காதுக்குள் தமிழில் முணுமுணுத்தார்.

"வெளியில எண்டு சொல்லு. உள்ளுக்குக் கை போட்டதெண்டால் ஆட்டத்தைக் குழப்பினதெண்டு எங்கட ஆக்களுக்குத் தண்டனை குடுப்பினம். நீ அவையின்ர தொப்பியெல்லே போட்டிருக்கிறாய்!"

கஜானி பிலிப்பைப் பார்த்தாள். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. தட்டவேண்டுமா, பேசாமல் இருக்கவேண்டுமா என்று சொல்ல இன்றைக்கு அந்த முகமும் இல்லை.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். முழங்கைக்குப் பக்கத்தில் கம்பி அழுத்திய சிவப்புக் கோடு. அவ்வளவு தூரம் எட்டியிருக்கிறாள்.

"உள்ளே" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "என் கை உள்ளேதான் இருந்தது. மன்னியுங்கள், பிலிப்."

எதிரணிப் பயிற்சியாளர் கத்தினார். "அவள் தொப்பியைப் பாருங்கள்! ஆந்தை! தன் அணியை வெல்ல வைக்கத்தானே அப்படிச் சொல்கிறாள்?"

நடுவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு கஜானியிடம் மெதுவாகக் கேட்டார். "உன் கை உள்ளே இருந்தால் என்ன தீர்ப்பு என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." கஜானி மூக்கை உறிஞ்சினாள். "எங்கள் அணி தோற்கும். ஆனால் அது அவர்களின் பிழையில்லை. என்னுடைய பிழை. எனக்கு மட்டும் தண்டனை தாருங்கள்."

பயிற்சியாளர் திறந்த வாயை மூடினார்.

நடுவர் நிமிர்ந்தார். "கையுறை பந்துக்கு நேரே இருந்ததை நான் பார்த்தேன். இந்தக் கை குறுக்கே வராவிட்டால் பிலிப் பிடித்திருப்பார். கை எந்தப் பக்கம் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. உள்ளே நீண்ட ரசிகரின் கை ஒரு பிடியைத் தடுத்தால், அது பிடித்ததாகவே கணக்கு." அவர் விரல்களை மடக்கி முஷ்டியை உயர்த்தினார். "அடித்தவர் அவுட்! ஆட்டம் முடிந்தது!"

ஆந்தைகள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். பிலிப் வேலிக்கு மேலால் கஜானியைத் தூக்கினார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

சிரித்தால் தட்ட வேண்டும். கஜானி அழுதுகொண்டே கைதட்டினாள். உள்ளங்கை எரிந்தது.

திரும்பும்போது மெத்ரோவில் அவள் மடியில் அந்தப் பந்து இருந்தது. மாமா அவளுடைய கையை விரித்துப் பார்த்தார்.

"என்ர கையைப் போலச் சிவந்து கிடக்குது."

"மாமா, நான் செய்தது பிழைதானே?"

"ஓம். பிழைதான்."

"அப்ப ஏன் எங்களுக்கு வெற்றி குடுத்தவை?"

"அது வந்து பிள்ளை, கிரிக்கெட்டில என்னண்டால்..."

"மாமா!"

மாமா ஜன்னலைப் பார்த்தார். "சரி சரி. எனக்கும் ஒரு மண்ணும் விளங்கேல்லை."

வருடம் முழுக்கக் கேட்ட விளக்கங்களில் கஜானிக்குப் பிடித்தது இதுதான்.

கதவைத் திறந்த அம்மா முதலில் அழுத முகத்தைப் பார்த்தார். பிறகு பந்தைப் பார்த்தார். மாமா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அம்மாவின் கண் வாசலில் சப்பாத்துகளுக்கு மேலே கஜானி கழற்றி வைத்திருந்த தொப்பியில் போய் நின்றது.

"சரி, அதையும் உள்ளுக்கு எடுத்துக்கொண்டு வா" என்றார். "ஆனா ஆந்தையின்ர முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை. என்னைப் பார்க்கக் கூடாது."

கஜானி அப்படியே வைத்தாள். அம்மா சமைக்கக் குசினிக்குள் போனதும், ஒரு கண் மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு மெல்லத் திருப்பிவிட்டாள்.