கூரையில் மட்டும் பெய்த மழை

மழை விட்டுக் கால் மணி நேரமாகியும் கூரையில் சத்தம் ஓயவில்லை. நர்ஸ் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரத்தடியாக இருந்தால் இலைகளில் தங்கிய தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்தக் கொட்டகையைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மாத லீவு சொல்லிவிட்டு ஒற்றை ஆளாகச் சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்பியவளுக்கு அது பதினோராவது நாள். மதியம் மூன்று மணிக்கே வானம் கறுத்து, காற்று சைக்கிளோடு சேர்த்து அவளைச் சாலையை விட்டுத் தள்ளப் பார்த்தது. சாலை போடுகிறவர்கள் விட்டுப்போன இந்தத் தகரக் கொட்டகைதான் கண்ணில் பட்டது. உள்ளே தார் நாற்றம், ஈரச் சாக்கின் நாற்றம். அவற்றுக்கு அடியில், நாள்பட்ட புண்ணின் கட்டைப் பிரிக்கும்போது குப்பென்று கிளம்புமே, அந்தத் தித்திப்பான வாடை. அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

போன் அடித்தது. தம்பி.

"எங்கக்கா இருக்க?"

"வழியில ஒரு கொட்டகைல ஒதுங்கினேன்டா. மழ விட்டுடுச்சு, கெளம்பப் போறேன்."

"எங்க விட்டுச்சு? சடசடன்னு கொட்டுறது எனக்கே கேக்குது. வீம்பு பண்ணாம அங்கயே இரு."

லைன் அறுந்தது.

கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். சாலையில் மஞ்சள் வெயில் அடித்தது. குட்டைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. கூரை விளிம்பிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. தலைக்கு மேலே மட்டும் சடசட, சடசட.

சைக்கிளை எடுக்கச் சுவரோரம் போனாள். சத்தமும் அந்தப் பக்கம் வந்தது. கதவுக்குத் திரும்பினாள். அதுவும் திரும்பியது. மூச்சை அடக்கி நின்றாள். சத்தம் குறைந்து, குறைந்து, கடைசியில் ஒன்றே ஒன்றாகி, அவள் உச்சந்தலைக்கு நேர் மேலே நின்றுகொண்டது.

டக். டக்.

தூரத்தில் லாரி ஹாரன். போன உயிர் திரும்பி வந்தது. கதவைத் திறந்து வாசலில் நின்றபடியே கையைக் காட்டினாள். லாரி நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"என்னம்மா, இந்தப் பொட்டக்காட்டுல தனியா..."

அவர் கண் அவளைத் தாண்டி மேலே போனது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"அண்ணே, மேல என்ன?"

"வெளிய வராதம்மா. கதவச் சாத்து."

"என்னன்னு சொல்லுங்கண்ணே!"

"சாத்து, சாத்துன்றேன்ல!"

சொல்லும்போதே கண்ணாடி ஏறிவிட்டது. லாரி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு பறந்தது. "அண்ணே, விட்டுட்டுப் போகாதீங்க!" என்ற அவள் கத்தல் சாலையோடு போயிற்று.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இல்லை. முதுகை முட்டுக்கொடுத்து நின்றாள்.

சத்தம் நின்றது.

கூரைத் தகரம் முனகியது. ஏதோ ஒன்று தன் முழுப் பாரத்தையும் விளிம்புக்கு நகர்த்துவது போல.

பிறகு கதவின் வெளிப்பக்கம். உச்சியிலிருந்து.

டக்.

பிடரிக்குப் பின்னால். டக். இடுப்புக்குப் பின்னால். டக்.

அவள் அசையவில்லை. அந்த வாடை இப்போது மூக்கில் இல்லை, நாக்கில் இருந்தது.

கதவுக்கு அடியில் நாலு விரல் உயரச் சந்து. அதன் வழியே தரையில் விழுந்திருந்த வெயில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல அணைந்தது. குனிந்து பார்த்தாள்.

விரல்கள். நகமில்லாதவை. பல நாள் தண்ணீரில் ஊறிய பிணத்தின் தோல் எப்படி வெளுத்துச் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். அதே தோல். ஐந்து இல்லை, பத்தும் இல்லை. கதவின் அகலம் முழுக்க, இடைவெளியே இல்லாமல், நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து தரையைத் தடவின.

அவள் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்துவிட்டது.

எல்லா விரல்களும் ஒரே சமயத்தில் நின்றன. ஒரே சமயத்தில் அவள் குதிகால் பக்கம் மடங்கின.