வெளித் தாழ்ப்பாள்

"அக்கா ரூம் சாவியக் கொடுங்கப்பா."

செம்மொழி தோள்பையைக்கூட இறக்கவில்லை. தஞ்சாவூர் பஸ்ஸில் வந்த வேர்வை இன்னும் காயவில்லை. இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பொற்கொடி அக்கா செத்த அறையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. செம்மொழிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் சட்டம்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத," என்றார் இராஜாங்கம். "வயித்துவலி தாங்காம மருந்தக் குடிச்சிட்டா. அவ்வளவுதான்."

செம்மொழி வேளாண்மை படித்து, குடும்பத்திலேயே முதல் பட்டம் வாங்கி, ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போன வாரம் அங்கே கிடங்கை ஒழித்தபோது, இப்போது கடையில் கிடைக்காத பழைய பூச்சிமருந்து பாட்டில் ஒன்று உடைந்தது. நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், காதுக்குள் ஒரு சத்தம். டம்ளரால் கதவைத் தட்டுகிற சத்தம்.

அப்பாவின் சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். பூட்டு முரண்டு பிடித்துத் திறந்தது.

உரச் சாக்குகள். எலிப்புழுக்கை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்.

பிறகு மெல்ல, அழுகிய பூண்டைப் போல அந்த நெடி.

"அம்மா, வாடை வருதா?"

"ஒண்ணும் வரலையே," என்றாள் ராமாயி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

டங்.

திறந்து கிடந்த கதவின் உள்பக்கம். அங்கே யாருமில்லை.

டங். டங்.

இராஜாங்கம் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"கேக்குதுல்ல? ஆமான்னாவது சொல்லித் தொலைங்களேன்!"

கதவில் கை வைத்தாள். பலகை அதிர்ந்தது.

ஐந்து வயதில் இதே கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். எம்பி எம்பிப் பார்த்தும் தாழ்ப்பாள் எட்டவில்லை. உள்ளேயிருந்து, "செம்மு... தண்ணி..." கதவை ஒட்டி நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார், காலை ஆட்டிக்கொண்டு. தட்டுவது நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"தாழ்ப்பாளுக்குக் காவல் இருந்தீங்களேப்பா!"

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்னடி ஞாபகம் இருக்கும்?" அவர் குரல் உடைந்தது. "வேற சாதிக்காரனோடதான் போவேன்னு நின்னா. மருந்த அவளாத்தான் குடிச்சா."

"வெளித் தாழ்ப்பாளையும் அவளாத்தான் போட்டுக்கிட்டாளா?"

இராஜாங்கம் டிவி சத்தத்தை இன்னும் கூட்டினார்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். பஸ்லயே முடிவு பண்ணிட்டேன். உங்க வாயால ஒரு தடவ கேக்கலாம்னுதான் வந்தேன்."

"போனா இந்த வாசப்படி மிதிக்காத."

"யாரு மிதிக்கப் போறா?"

நடுப்பகல் வெயிலில் இறங்கினாள். வேலிப்படலைத் தள்ளும்போது அம்மா வாசலுக்கு வந்து நிற்பது தெரிந்தது. அந்தக் கண்கள் செம்மொழியைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில் எதையோ பார்த்தன.

"பாத்துப் போங்கடி," என்றாள் ராமாயி. "ரெண்டு பேரும்."

செம்மொழி வாய்க்கால் கரையின் ஓரமாக ஒதுங்கி, இடப்பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு, மன்னார்குடி ரோட்டைப் பார்த்து நடந்தாள்.