காற்று இழுக்கும் குழாய்

இன்ஜினை அணைத்த பிறகும் குழாய் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

வீரபாகு முதலில் பழியை மழையின் மேல் போட்டான். ஓரிக்கை சாலையில் இருந்த அவனுடைய லாரி ஷெட்டின் தகரக் கூரையில் அந்திநேரத்து மழை படபடத்துக்கொண்டிருந்தது. பாலாற்றுப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் டீசல் வாசனையும் எங்கோ பட்டுக்குச் சாயம் காய்ச்சும் நெடியும் கலந்திருந்தன. போதாக்குறைக்குக் கரண்ட் வேறு போயிருந்தது. அத்தனை சத்தத்துக்கும் அடியில், ஏர் ஃபில்டரிலிருந்து கழற்றித் தொங்கவிட்ட ரப்பர் குழாயின் வாயிலிருந்து, தூங்குகிற ஆள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் வந்தது. இழுத்தது. வெளியே விடவில்லை.

"இன்னாண்ணா, கண்டுபுடிச்சிட்டியா?" என்றான் டிரைவர் கமல். நெல் மூட்டை ஏற்றிய வண்டி தாமல் ஏரியைத் தாண்டியதிலிருந்து இழுக்கவே இல்லை, கரும்புகையாகக் கக்குகிறது என்று கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். புகைபோக்கிக்குப் போகும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது டர்போ. அது வேலை செய்தால் விசில் கேட்கும். இந்த வண்டியில் கேட்கவில்லை.

"பாத்துக்கினுதானே இருக்கேன். செத்த சும்மா இருபா."

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. ஃபில்டரில் தூசி இல்லை. டர்போவின் விசிறி விரல் பட்டாலே சுற்றியது, ஆட்டமும் இல்லை. குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி ரேஸ் கொடுத்துப் பார்த்தான். ஒரு இடத்திலும் நுரை எழும்பவில்லை. கிளிப்புகள் எல்லாம் இறுக்கம். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, டர்போ தர வேண்டிய காற்றழுத்தம், அந்த பூஸ்ட் மட்டும்தான் இல்லை.

"முனுசாமி அண்ணன் இருந்திருந்தா..." என்று இழுத்தான் கமல். "கைய வெச்சே சொல்லிட்டிருப்பாரு."

வீரபாகுவுக்கு வயிறு எரிந்தது.

முனுசாமியும் அவனும் ஒரே பட்டறையில் ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள். வீரபாகுவிடம் பெரிய ஷெட் இருந்தது, கம்ப்ரஸர் இருந்தது, சென்னையிலிருந்து வாங்கி வந்த பூஸ்ட் மீட்டர் இருந்தது. முனுசாமியிடம் கை மட்டும்தான். ஓடுகிற இன்ஜினின் காற்றுக் குழாயை உள்ளங்கையால் அடைப்பான். மூச்சு முட்டி இன்ஜின் நின்றால் குழாய் சரி. நிற்காமல் ஓடினால் எங்கேயோ ஓட்டை. அது எங்கே என்பதையும் கையில் படுகிற இழுப்பை வைத்தே சொல்லிவிடுவான். டிரைவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். போன ஆடியில் காமாலை கண்டு அவன் போய்ச் சேர்ந்த அன்று, வீரபாகு பெரிய மாலையாக வாங்கிப் போட்டு, சுடுகாடு வரைக்கும் நடந்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, பல வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான்.

ஆனால் செத்தும் அவன் ஒழியவில்லை. வருகிற ஒவ்வொரு வண்டியோடும் அவன் பெயரும் ஷெட்டுக்குள் வந்தது. இந்த வண்டியைச் சரிசெய்தால் தன் லாரிகளையெல்லாம் இங்கேயே விடுவதாகக் கமலின் முதலாளியம்மா காந்தா சொல்லியிருந்தாள். லாரிகள் கிடக்கட்டும். வீரபாகு கை என்றால் கைதான் என்று ஒருவன், ஒரே ஒரு தடவை, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது போதும் அவனுக்கு.

முனுசாமி இருந்தவரை அந்த வித்தையை வீரபாகு தொட்டதில்லை. தொட்டால் காப்பியடித்ததாகிவிடும். இப்போது யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

"மேல ஏறி ஸ்டார்ட் பண்ணு" என்றான். "நான் சொல்றவரைக்கும் நிறுத்தாத."

கமல் கேபினுக்குள் போனான். அங்கிருந்து பின்னால் நிற்பவன் தெரியாது. இன்ஜின் உறுமியது. வீரபாகு குழாயின் வாயில் வலது உள்ளங்கையை வைத்தான். ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. லேசான ஈரம். இழுப்பு தோலைக் கவ்வியது.

இன்ஜின் திணறவில்லை. காற்றே வேண்டாம் என்கிற மாதிரி சீராக ஓடியது. அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது. கையை எடுத்துவிடலாம். எடுத்தால் கமல் மறுபடியும் அந்தப் பெயரைச் சொல்வான். எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினான்.

குழாய்க்குள் ஏதோ நகர்ந்தது.

நிதானமாக. அவனை நோக்கி.

துணியாக இருக்கும். யாரோ அடைத்துவிட்டு மறந்த துணி. துணிதான்.

துணிக்குச் சூடு இருக்காது.

உள்ளேயிருந்து ஒரு உள்ளங்கை அவன் உள்ளங்கையில் பதிந்தது. காய்த்துப்போன கை. அதன் விரல்கள் ஒவ்வொன்றாக அவன் விரலிடுக்குகள் வழியே வெளியே வந்தன. மடங்கின. பிடித்துக்கொண்டன.

டர்போ விசிலடித்தது.

"வந்துடுச்சிண்ணா! பூஸ்ட் வந்துடுச்சி!" கேபினிலிருந்து கமல் கத்தினான். "அப்டியே முனுசாமி அண்ணன் கைதாண்ணா உனுக்கு!"

வீரபாகு அலற வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அலற மார்பில் காற்று இல்லை. அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது.

கமல் சந்தோஷத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். விசில் ஏறியது. மணிக்கட்டு உள்ளே போனது. எலும்பு நொறுங்கும் சத்தம் விசிலில் அமுங்கியது. இன்னும் மிதித்தான். முழங்கை போனது. அதற்கு மேல் அந்தக் குழாய் கொள்ளாது.

தோளும் போய்க்கொண்டிருந்தது.