துண்டுக்கடியில் முடிந்த பேரம்

பாகாலாவில் ஒரு மனிதனின் இரண்டு கண்களுக்கும் விலை கிலோ பதினான்கு ரூபாய். பைண்டிங் கெட்டியாக இருந்தால் பதினாறு. டிராயிங் மாஸ்டர் செங்கல்வராயன் ஆயுள் முழுக்கக் கண்ணைக் கரைத்துப் பார்த்த புத்தகங்களுக்குப் பழைய பேப்பர்க்காரன் சொன்ன விலை அது. மாஸ்டர் இறந்து சில மாதங்கள் கழித்து அவருடைய தம்பி விஜயராகவன் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணா, எல்லாம் கலர் படம். உலகத்துல இருக்கிற கோயிலு, மசூதி, சர்ச்சு, அரமனை, ராஜா ஒக்கார்ற நாற்காலி வரைக்கும் இருக்குது. நேர்ல வந்து பாருங்க."

திருப்பதியில் எனக்குப் பழைய சாமான் கடை. கலை வரலாற்றுப் புத்தகத்தை முழுசாக வாங்க ஆள் வருவதில்லை. அதையே பிளேடு வைத்து அறுத்துப் படத்துக்குப் படம் சட்டம் போட்டால், லாட்ஜுக்காரர்கள் ரூமுக்கு ஒன்றாக மாட்டிக்கொள்வார்கள். மொட்டை போட்டுவிட்டு வரும் குடும்பம் இத்தாலி நாட்டு மாதா கோயிலுக்குக் கீழே ஈரத்துண்டைக் காயப்போடும். உயிரோடு இருக்கும் ஆட்டுக்கு ஒரு விலை, கூறு போட்டால் வேறு விலை. புத்தகமும் அப்படித்தான்.

ரயில்வே லைனை ஒட்டிய வீடு. பிற்பகல்தான், ஆனால் மழை மூட்டத்தில் தெருவே சாயங்காலமாகியிருந்தது. கதவைத் திறந்தது மாஸ்டரின் மனைவி ஸ்வர்ணலதா. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது.

"வாங்க சார். லைப்ரரிலர்ந்து எப்ப வருவாங்கன்னு தம்பியக் கேட்டுக்கினே இருந்தேன். ஒரு ஏடு கிழியாம முழுசா வெச்சிக்கறோம்னு சொன்னீங்களாமே?"

பின்னால் நின்ற விஜயராகவனைப் பார்த்தேன். அவன் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

வியாபாரத்தில் ஒரு மரியாதை உண்டு. ஒருவன் கட்டி வைத்த பொய்யை அடுத்தவன் வாசலிலேயே இடிக்கக் கூடாது. தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

புத்தக அறையில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. வெயில் பட்டால் படம் வெளுத்துவிடுமாம். சுவர் முழுக்கப் புத்தகம். நடு அலமாரியில் மாஸ்டர் அந்தப் படங்களைப் பார்த்து பிளாஸ்டரில் வார்த்த தூண் உச்சிகள்: கிரேக்கச் சுருள், சோழர் தாமரை, முகலாய இலைக்கொத்து. வெட்டி வைத்த தலைகள் போல வரிசையாக இருந்தன.

ஈர பிளாஸ்டர் வாசனை மூக்கில் ஏறியது. சற்றுமுன் யாரோ குழைத்து வைத்தது போல.

"இப்பவும் யாராச்சும் வார்க்கறாங்களாம்மா?"

"அவரு போனதிலர்ந்து மூட்டையே பிரிக்கல சார்," என்றாள் அந்த அம்மாள். பிறகு ஒரு கனத்த புத்தகத்தை இறக்கி, படத்தின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை விலக்கினாள். "இது ஃப்ரான்சுல இருக்குது. இந்தத் தூண பாத்துட்டு ரெண்டு நாளு அவரு சோறு துன்னல."

அவள் அறையை விட்டு நகர்வதாக இல்லை. விலையைப் பற்றி வாய் திறக்க முடியாது. விஜயராகவன் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து இருவர் மடிக்கும் நடுவில் விரித்தான்.

எனக்குப் புரிந்தது. என் நைனா மாட்டுத் தரகர். அவன் சித்தூர் மாங்காய் மண்டியில் கமிஷன் ஏஜெண்ட். இரண்டு இடத்திலும் பேரம் துண்டுக்கடியில்தான். எத்தனை விரலை நீட்டுகிறோமோ அத்தனை பத்தாயிரம். எதிராளி அந்த விரல்களை இறுக்கிப் பிடித்தால் சம்மதம். உதறினால் இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

"லைப்ரரியில நல்ல வெளிச்சம் இருக்குதா சார்?" என்றாள் அந்த அம்மாள்.

"பெரிய பெரிய ஜன்னலும்மா," என்று சொல்லிக்கொண்டே துண்டுக்கடியில் கையை விட்டேன். ஒரு விரலில் ஆரம்பித்தேன்.

என் ஆள்காட்டி விரலை ஒரு கை உடனே பிடித்தது. இறுக்கிப் பிடித்தது.

முதல் விலைக்கே சம்மதமா? மாங்காய் மண்டி ஆள் இவ்வளவு மட்டமாகவா விற்பான்?

அந்தக் கை குளிர்ந்திருந்தது. ஈரமாக, நறநறவென்று.

விஜயராகவன் சந்தோஷமாக எழுந்தான். "அய்ப்போயிந்தி, முடிஞ்சிது அண்ணா! நான் போயி கயிறு எடுத்தாறேன்." அறையின் மூலைக்குப் போய்க் கயிற்றை இரண்டு கையாலும் பிரிக்க ஆரம்பித்தான்.

என் விரலை இன்னும் யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் இல்லை. துண்டு மட்டும் ஒரு மணிக்கட்டு உயரத்துக்கு மேடாக இருந்தது.

இழுத்தேன். வரவில்லை.

மீண்டும் இழுத்தேன். அது விட்டது, தானாக மனசு வைத்து விட்டது போல. துண்டு மெதுவாகப் படிந்து தட்டையானது.

"விஜி," என்றேன் மெதுவாக. "நீ எவ்ளோ சொன்னே?"

"அஞ்சு. அஞ்சி வெரலையும் சேத்துப் புடிச்சி எப்டி அமுக்கினீங்க! வலி உயிரு போச்சி."

"நான் ஒண்ணுக்கு மேல போகல."

அவன் சிரித்தான். "என்னா பேரம் அண்ணா இது? முடிச்சப்புறம் கொறைக்காதீங்க."

எனக்கு ஒன்றுக்கு விற்று, அவனிடம் ஐந்துக்கு வாங்கிக்கொள்ள எந்தத் தரகனும் நடுவில் உட்காரமாட்டான். எங்கள் நடுவில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். என் ஆள்காட்டி விரல் நுனி முதல் அடி வரை வெள்ளையாக இருந்தது. ஈர பிளாஸ்டர். அவன் தன் கையைப் பார்த்தான். ஐந்து விரலும் வெள்ளை.

கயிறு கீழே விழுந்தது.

ஸ்வர்ணலதா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"லைப்ரரிக்குக் குடுக்கறதுல பேரம் ஏது தம்பி?"

அவன் கயிற்றைப் பொறுக்கக் குனிந்தான். நான்தான் சொன்னேன். "அம்மா, நான் லைப்ரரி ஆளு இல்ல. பழைய சாமான் கடைக்காரன். படத்தெல்லாம் அறுத்து விக்கறதுக்கு வந்தேன்."

அந்த அம்மாள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் கையப் புடிச்சிக்கினுதானே அவரு உயிர உட்டாரு," என்றாள் கொழுந்தனிடம். "'அறுக்க உடாத விஜி'ன்னு கேட்டாரு. நீ கையில அடிச்சி சத்தியம் பண்ணே. நான் தலமாட்டுல நின்னுக்கினு இருந்தேன். அந்தக் கையவா துண்டுக்குள்ள உட்டே?"

"அண்ணி, சும்மா தூசி புடிச்சிக்கினு கெடக்குதேன்னு..."

"உன்ன நான் புள்ள மாதிரி நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

அலமாரியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரக் கையால் சுவரை வழித்துவிடுவது போல ஒரு நீண்ட, பொறுமையான சத்தம்.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே ஸ்வர்ணலதா வேன் பிடித்து, டிரைவர் பக்கத்தில் தானே உட்கார்ந்து, புத்தகங்களைத் திருப்பதியில் ஒரு கல்லூரி லைப்ரரியில் சேர்த்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். ஒரு ஏடு குறையவில்லை. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னது போலவே பெரிய பெரிய ஜன்னல்.

போன மாதம் சித்தூர் மண்டியில் விஜயராகவனைப் பார்த்தேன். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. இடது கையால் டீ குடித்தான்.

"என்னாச்சி விஜி?"

சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்தான். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் மூன்றும் வெள்ளை. நகம் எது, சதை எது என்று தெரியவில்லை. மேஜையில் தட்டிக் காட்டினான். பிளாஸ்டர் பொம்மையைத் தட்டிய சத்தம்.

"எக்ஸ்ரேல எலும்பு நல்லா இருக்குதாம்," என்று கிசுகிசுத்தான். "மாசத்துக்கு ஒண்ணு போவுது அண்ணா. போறதுக்கு முந்தின நாளு அந்த வெரலு மட்டும் ஜில்லுனு ஆயிடுது."

நான் டீ கிளாசை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். கொதிக்கிற டீ. நாலு விரல் சுட்டது.

ஆள்காட்டி விரல் சுடவில்லை.

வியாபாரி வீட்டில் பிறந்தவன். கணக்கைப் போடாமல் தூக்கம் வராது. விஜயராகவனுக்குப் பேசி முடித்தது ஐந்து. வசூலானது மூன்று, பாக்கி இரண்டு. எனக்குப் பேசி முடித்தது ஒன்று. பாக்கி ஒன்று.