கண்ணுக்குள் தூங்கிய சாமி

பளிச்சென்று வெளிச்சம் அடித்தபோது ராமாயி இமைக்கவில்லை. மருந்து விட்டு அகல விரித்த கண்ணில் அத்தனை வெளிச்சம் பாய்ந்தால் எருமைகூடத் தலையை இழுத்துக்கொள்ளும். செபஸ்தியானுக்கு மனசுக்குள் உறுத்தியது.

கண்ணின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் அந்த ஜெர்மன் காமிரா சேலத்து ஆஸ்பத்திரிக்கு வந்தது அறுபத்து நாலில். அதை இயக்கத் தெரிந்தவன் செபஸ்தியான் ஒருவனே. அவனுக்கு இடக்கண்ணில் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. வலக்கண்தான் சோறு போட்டது.

“உள்ள சாமி தூங்குதுங்க,” என்றாள் பார்வை போய்ப் பரமத்தி வேலூரிலிருந்து வந்திருந்த ராமாயி. “வெளிச்சம் அடிச்சு எழுப்பிப் போடாதீங்க.”

“எந்திரிச்சா நல்லதுதானேம்மா, காப்பாத்தட்டும்!” என்று சிரித்தபடி, லென்ஸில் வலக்கண்ணை ஒட்டவைத்து இன்னும் மூன்று படம் எடுத்தான்.

கடைசிப் படத்துக்கு அவள் இமைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “முள்ளு தெரியுதுங்க!” என்றவள், அவன் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். “சாமிக்கு இருட்டு ஆகாதுங்க. அழ உடாதீங்க. நான் வாரேன்.”

மத்தியானம், பிலிம் காய்ந்த பிறகு, இருட்டறைக் கதவைத் தாழிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டான். படம் கழுவும் ஹைப்போ மருந்தின் புளித்த வாடை தொண்டையில் இறங்க, குழாய் எங்கோ சொட்டிக்கொண்டிருக்க, தட்டில் அலம்பிய காகிதத்தில் ராமாயியின் கண் நரம்பு நரம்பாக மேலே வந்தது. நெகட்டிவில் பொட்டாகத் தெரிந்தது இப்போது பெரிதாகியது. ஒரு குழந்தை. முதுகைக் காட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தது.

இரண்டாவது படத்தில் தலை நிமிர்ந்திருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பரமத்திப் பக்கத்தில் பிள்ளையையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கோயில் சாமி என்று நினைத்துவிட்டான். அடுத்த காகிதத்தைத் தட்டில் போட்டான்.

மூன்றாவதில் எழுந்து நின்றது. லென்ஸை நோக்கிக் கை நீட்டியபடி.

நாலாவது. வெறும் நரம்புகள். சுத்தமான கண்.

“மாதாவே!” தாழ்ப்பாளைத் தேடினான். சிவப்பு விளக்கின் நடுவே கறுப்பாக ஏதோ மிதந்தது. கண்ணைத் துடைத்தான். போகவில்லை. கண்ணை இறுக மூடினான். மூடிய கண்ணுக்குள்ளும் இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு. முதுகைக் காட்டி.

கன்னம் நனைந்தது. அழுதது அவன் இல்லை.

கண்ணைத் திறந்தான். விளக்கு இல்லை. கதவு இல்லை. குழந்தை மட்டும். மெதுவாக அவன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.