எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

"ஃபீலர் கேஜ் இருக்கா?"

இரண்டு குரல்கள்... ஒரே கேள்வி... ஒரே நேரத்தில்!

உதிரிபாகக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மழைக்கோட்டில் சொட்டச் சொட்ட ஒருத்தி. பக்கத்தில், கோட்டே இல்லாமல் தலை நனைந்து ஒருவன்.

"இருக்கு. ஆனா ஒண்ணே ஒண்ணுதான்" என்று மேசைமேல் வைத்தார். மடக்கிய விசிறிபோல மெல்லிய எஃகுத் தகடுகள். மயிரிழை இடைவெளியை அளக்கிற சாமான்.

அவள் கை முந்திக்கொண்டது.

"மேடம்... நான்தான் முதல்ல கேட்டேன்."

"நான்தான் முதல்ல எடுத்தேன்."

"மெக்கானிக்குக்கு வாங்குறீங்களா? அவர்கிட்டயே இருக்குமே?"

"மெக்கானிக்கே நான்தான். டேப்பெட், அதான் வால்வு இடைவெளி, என் வண்டிக்கு நானே பாத்துப்பேன். உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கும் அதுக்குத்தான்... முதல் தடவை."

அவள் சிரித்துவிட்டாள். இமைகளில் மழைத்துளி ஒட்டியிருந்த அந்தப் பெரிய கண்கள் சிரித்ததும் சின்னதாகிப் போயின. அடுத்து என்ன வாதாட வேண்டும் என்பது அவனுக்கு மறந்துபோனது.

கடைக்காரரே சமரசம் செய்தார். "சார் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார், என் பையனுக்கு இவர்தான் சொல்லிக் குடுக்கறாரு. மேடம் கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்றவங்க. ஆளுக்கு ஒரு நாள் வச்சுக்கக் கூடாதா?"

"ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வாங்க வாத்தியாரே" என்றாள் அவள். "அண்ணன், அண்ணி எல்லாரும் இருப்பாங்க. நான் செய்றதப் பாத்துட்டு, கேஜை எடுத்துட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கிடந்தது. போர்டிகோவில் கோணி விரித்து, தலைமுடியை இறுகக் கட்டிக்கொண்டு அவள் வண்டியருகே உட்கார்ந்திருந்தாள். இன்ஜினின் தலைப்பகுதி மூடிகள் இரண்டும் கழன்றிருந்தன.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து வண்டியத் தொடல. சூடா இருந்தா அளவு தப்பாயிடும்" என்றபடி ஸ்பேனரால் மெதுவாகச் சுழற்றினாள். உள்ளே ஒரு குறி, துவாரத்தின் நடுவில் வந்து நின்றது. "இப்ப ரெண்டு வால்வும் மூடியிருக்கு. இந்த ராக்கர்தான் வால்வைத் தட்டித் திறக்கும். ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் வேணும். அதிகமானா டக்கு டக்குன்னு சத்தம் போடும். இடமே இல்லன்னா, சூடானதும் வால்வு சரியா மூட முடியாமத் திணறும்."

"அப்போ சத்தம் போட்டாப் பரவால்லையா?"

"சத்தம் போட்டா சமாளிச்சுக்கலாம். சத்தமே இல்லாம இருக்கறதுதான் பயம்."

சமையலறை ஜன்னலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "வீட்டுல சத்தம் போடறவளுக்கு அது தெரியாமலா இருக்கும்!"

அவன் சிரித்தான். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவை அவன் அசையாமல் பிடித்துக்கொள்ள, அவள் நட்டை இறுக்கினாள். எண்ணெய் பூசிய விரல்கள் உரசின... இருவருமே இன்ஜினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப அக்கறையாக!

'நாற்பது வயசுல இது என்ன படபடப்பு?' என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். கேட்டாலும், நன்றாகத்தான் இருந்தது.

"இறுக்கும்போது அளவு நகர்ந்துடும். மறுபடி பாக்கணும். அந்த எட்டுன்னு நம்பர் போட்ட தகடு குடுங்க."

அவன் விசிறியை விரித்தான். கையை நீட்டினான்... இன்னும் நீட்டினான்... ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தான்.

அவள் நுழைத்துப் பார்த்தாள். தகடு லொடலொடத்தது. "இது மூணு."

"மழை இருட்டு, தெரியல."

"இருட்டு இல்ல. வெள்ளெழுத்து" என்றாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல். "கையை அவ்வளவு தூரம் நீட்டும்போதே தெரிஞ்சுது. கண்ணாடி போட்டாகணும்."

அவள் நிமிர்ந்தபோது அவன் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் அவ்வளவு வயசாகல" என்றான். அவள் வேலையை முடித்ததும் கேஜை வாங்கிக்கொண்டு, "வரேன்" என்று போய்விட்டான்.

அண்ணி தம்ளரோடு வெளியே வந்தாள். "டீ போட்டு எடுத்துட்டு வரேன், ஆளைக் காணோம். மறுபடியும் பட்டுன்னு எதையாவது சொல்லிட்டியா?"

"உள்ளதத்தான் சொன்னேன் அண்ணி."

"உள்ளதுதான். அதக் கொஞ்சம் பாத்துச் சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

வந்த வரன்களெல்லாம் இவள் வாயால்தான் போயின என்பது அண்ணியின் தீர்ப்பு. அதற்கெல்லாம் அவள் வருந்தியதில்லை. இன்றைக்கு ஏனோ, துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக் கடையில் உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெளியே அதே உண்மைக்கு... இப்படி.

ஒரு வாரம் அவன் வரவில்லை. போய்க் கேட்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை நல்ல மழை. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வெளியே யாரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. வாத்தியார்தான். தொப்பலாக நனைந்து!

"கேஜ் கொண்டாந்தேன்" என்றான் வாசலிலேயே நின்று.

"வண்டிக்கு என்னாச்சு?"

"காலைல ஸ்டார்ட் ஆகுது. சூடானதும் நின்னுடுது."

அவள் வண்டியை எட்டிப் பார்த்தாள். அவனே சொன்னான். "நல்ல வெயில்லதான் பண்ணினேன். அப்பவும் எட்டுக்குப் பதிலா மூணுதான் வச்சிருக்கேன்போல."

"உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னாள். 'அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்ல வந்ததை, அண்ணியை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

பரிசோதனை அறையில் படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்து, அவன் முகத்தில் மாட்டிய சோதனைக் கண்ணாடிச் சட்டத்தில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டாள். "இது தெளிவா... இல்ல இதுவா?"

"ரெண்டாவது."

கடைசி வரியை அவன் தடுமாறாமல் வாசித்தான். பிறகு அட்டையைத் தாழ்த்தினான்.

"பசங்களையே பாடத்த வாசிக்கச் சொல்லிச் சமாளிச்சுட்டு இருந்தேன். ரொம்ப நாளாத் தெரியும்" என்றான். "வேற யாராவது சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். அன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்திருந்தப்ப... எனக்கு இன்னும் வயசு போயிடலன்னு தோணிச்சு. அந்த நேரம் பாத்து வெள்ளெழுத்துன்னீங்க."

மழை ஓட்டின்மேல் இரைந்தது. அவள் வில்லைப் பெட்டியை மூடினாள்.

"தினம் எத்தனையோ பேர்கிட்ட அதச் சொல்றேன்" என்றாள் மெதுவாக. "கோவிச்சுக்கிட்டுப் போனவங்களும் உண்டு. அவங்க யாரையும் நினைச்சுக்கிட்டு, கடை வாசலையே பாத்துட்டு நான் இருந்ததில்ல."

அவன் நிமிர்ந்தான்.

"நாளைக்கு வீட்டுக்கு வரட்டுமா?"

"டேப்பெட்டுக்கா?"

"அதுக்கும்தான்... உங்க அண்ணன், அண்ணிகிட்டயும் பேசணும்."

"முதல்ல என்கிட்டப் பேசுங்க வாத்தியாரே."

"இவ்வளவு நேரம் பேசினேனே!"

"சுத்தி வளைச்சுப் பேசினீங்க. எனக்கு நேராச் சொன்னாத்தான் புரியும்."

அவன் சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற குரல், இப்போது வெளியே வரவே தயங்கியது.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா?"

எதற்கும் பட்டென்று பதில் சொல்கிறவள், இதற்கு மட்டும் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"ம்..." என்றாள். அந்தப் பெரிய கண்கள் மறுபடியும் சிரித்துச் சின்னதாகிப் போயின.