கைப்பிடியில் நாலு ஓட்டை

மாலை 6.42. பத்தடி உயர மாடத்தின் கைப்பிடியில் சாய்ந்து நாடக வசனம் பேசிக்கொண்டிருந்த ஊர்த் தபால்காரர், கைப்பிடியோடு சேர்ந்து மேடையில் வந்து விழுந்தார். நடிப்பு என்று நினைத்து முன்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. வலது கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

அந்த மாடத்தைச் செய்தவர் அவருடைய நண்பர், தச்சர். எல்லாக் கண்ணும் அவர் பக்கம் திரும்பியது.

"நாலு ஸ்க்ரூ ஒழுங்கா முடுக்கத் தெரியாதவருக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்று நாடக வாத்தியார் கத்தினார்.

தச்சருக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பதில் சொல்வதற்குள் இன்னொரு நண்பர், பெயின்டர், குறுக்கே வந்தார்.

"சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம் வாத்தியாரே. ஜனங்க கலையிறதுக்குள்ள நான் வேஷம் கட்டிக்கறேன். வசனம் பூரா எனக்குத் தெரியும்."

தபால்காரரை ஏற்றிக்கொண்டு போன ஆம்புலன்ஸ் அப்போதுதான் தெருமுனை திரும்பியிருந்தது.

7.10. பெண் இன்ஸ்பெக்டர் வந்து, நாடகம் மறுபடி தொடங்காதபடி நிறுத்தினார். அதுவரை அந்தக் கைப்பிடியை யாரும் தொடாதபடி தச்சர் காவல் நின்றார்.

"உங்க வேலையில கோளாறுங்கறாங்க."

"இந்த ஓட்டையப் பாருங்க மேடம். ஸ்க்ரூ பிய்ச்சுக்கிட்டு வந்திருந்தா மரம் சிதறியிருக்கும். நாலும் சுத்தமா இருக்கு. மேடை முழுக்கத் தேடிட்டேன், ஒரு ஸ்க்ரூகூட இல்ல. திருப்புளி போட்டு யாரோ கழட்டியிருக்காங்க."

"கடைசியா எப்போ நல்லா இருந்துச்சு?"

"நாலு மணி ஒத்திகையில. இதே இடத்துல அவன் முழு பாரத்தையும் போட்டுச் சாஞ்சான், அசையல. அப்புறம் பெயின்டர் பச்சை அடிச்சான். சீக்கிரம் காயுற பெயின்ட். நாலே முக்காலுக்கு நாங்க சிநேகிதங்க மூணு பேரும் பின்னாடி ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். திரும்பி வர்றப்ப அஞ்சு அம்பது."

"அந்த ஒரு மணி நேரம் இங்க யாரு இருந்தா?"

எல்லோரும் லைட்காரரைப் பார்த்தார்கள். முகத்தில் வெளிச்சம் விழவில்லை என்று தபால்காரர் அன்று காலைதான் அவரை வெளுத்து வாங்கியிருந்தார்.

"கோபம் இருந்துச்சு, இல்லேங்கல. அதுக்காக ஆளைத் தள்ளுவேனா?" லைட்காரர் குரல் உடைந்தது.

"ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க."

7.25. தச்சர் செல்போன் விளக்கை ஓட்டைக்கு நேராகப் பிடித்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம். டேய், ஒத்திகை முடிஞ்சதும் நீதானே பெயின்ட் அடிச்சே?"

"ஆமா."

"நடுவுல யாராச்சும் மேல வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல. சாப்பிடக் கிளம்புற வரைக்கும் நான் மட்டும்தான்."

"அடிக்கிறப்ப ஸ்க்ரூ இருந்துச்சா?"

"நாலும் இருந்துச்சு. அது மேலேயே அடிச்சேன். ஏன்டா கேக்கறே?"

தச்சர் கைப்பிடியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"எல்லாரும் ஓட்டைய வெளியிலேருந்து பாத்தோம் மேடம், நானும்தான். உள்ள பாருங்க. அடிவரைக்கும் பச்சை இறங்கிக் காஞ்சிருக்கு. இதுல பிரஷ் மயிர் ஒண்ணு ஒட்டியிருக்கு. ஸ்க்ரூ இருந்திருந்தா பெயின்ட் எப்படி உள்ள போகும்? பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே கழட்டியாச்சு. தூண்ல வெட்டின காடிப் பள்ளத்துல சும்மா உக்காந்திருந்த கட்டைக்குத்தான் இவன் வர்ணம் பூசியிருக்கான். லைட்காரர விட்டுடுங்க."

"அது... வழிஞ்சிருக்கும்," என்றார் பெயின்டர்.

"எங்கடா வழியும்? ஸ்க்ரூவத் தொளைச்சுக்கிட்டா?"

பெயின்டர் வெடித்தார்.

"ஆறு வருஷம்டா! அவனுக்கு வேஷம், எனக்கு பிரஷ். ஊர் ஊரா நாடகம் போடற கம்பெனிக்காரர் இன்னிக்கு ஆள் எடுக்க முன்வரிசையில உக்காந்திருக்கார். நான் என்ன காலம் பூரா தட்டிக்குப் பச்சை அடிச்சுக்கிட்டே சாகணுமா? சுளுக்கிக்கும், அவ்வளவுதான்னு நெனச்சேன்."

தச்சர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"பத்தடிடா! கழட்டிட்டு வந்து அவன் பக்கத்துல உக்காந்தியே. 'நல்லா சாப்பிடு, மேல நின்னு கத்தணுமில்ல'ன்னு உன் தட்டு மீனை எடுத்து அவனுக்கு வெச்சியே! எந்தக் கையிடா அது?"

விரல்களைப் பிரித்துவிட இரண்டு போலீஸ்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

8.15. ஆஸ்பத்திரி. தொடை வரை கட்டு. மறுபடி சைக்கிள் மிதிக்க முடியுமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். தச்சர் உள்ளே போனதும் தபால்காரர் கண் திறந்தார்.

"நாடகம் நின்னுபோச்சாடா?"

"ம்."

"அட, அவனுக்குத்தான் வசனம் தெரியுமே, ஏத்திவிட்டிருக்கலாமே. பாவம்டா அவன், எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கான். எங்க அவன், வெளியில நிக்கிறானா? வரச் சொல்லு."

தச்சர் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.